கஞ்சித் தொட்டி முதல் உரிமைத் தொகை வரை: கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் 15 வந்து மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் ராமநாதபுரம் கரையில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். வலை சரிபார்ப்பது, இயந்திரத்தைப் பிரிப்பது, பலகைக்கு வர்ணம் அடிப்பது என்று வேலை இருந்தாலும் சாயங்காலம் பேச நேரம் கிடைத்துவிடும். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் நிவாரணப் பணத்தில் வந்து நிற்கும். எப்போது வரும், ஏன் இவ்வளவுதான், பக்கத்து வீட்டுக்கு வந்தது எனக்கு ஏன் வரவில்லை. அப்புறம் யாராவது ஒருவர் பெரிய கேள்வியை எடுப்பார்: “இந்த மாதிரிப் பணம் கொடுக்கும் பழக்கம் எப்போது சார் ஆரம்பித்தது?”

மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் கேள்வி என் பக்கம் வரும். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாத பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சமூகச் செலவு என்று எதைச் சொல்கிறீர்கள்? துறைமுகம் கட்டுவதும் அதில் வருமா?

வராது. முதுமை, நோய், பசி, வேலையின்மை, கணவனை இழப்பது போன்ற நேரங்களில் ஒரு குடும்பம் கவிழ்ந்துவிடாமல் இருக்க அரசு கொடுக்கும் பணம், பொருள், சேவை ஆகியவைதான் சமூகச் செலவு. முதியோர் உதவித்தொகை, ரேஷன் அரிசி, சத்துணவு, அரசு மருத்துவமனை எல்லாம் இதில் வரும். பள்ளிக்கூடச் செலவைச் சிலர் சேர்த்துக் கணக்கிடுவார்கள், சிலர் தனியாக வைப்பார்கள். ஆகவே இரண்டு நாடுகளை ஒப்பிடும் கணக்கைப் பார்த்தால் கல்வி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

துறைமுகமும், கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவும் முதலீடு. விசைப்படகுக்குக் கிடைக்கும் வரி விலக்கு டீசலை என்ன சொல்வது? படகு வைத்திருப்பவருக்குப் போகும் சலுகை அது. கூலிக்குப் போகும் ஆளுக்கும் அதில் கொஞ்சம் சுற்றி வந்து சேரும் என்று சம்மாட்டிகள், அதாவது படகு முதலாளிகள், வாதாடுவார்கள். நான் சேர்க்க மாட்டேன்.

ராஜா காலத்தில் சத்திரம் இருந்ததே? சோறு போட்டார்களே?

இருந்தது. சேதுபதிகள் ராமேஸ்வரம் போகும் சாலை நெடுக சத்திரங்கள் கட்டினார்கள். நடந்து வரும் யாத்திரிகருக்குச் சோறும் படுக்க இடமும் கிடைத்தன. இன்னும் பின்னால் போனால், காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 11ஆம் நூற்றாண்டில் கோவிலோடு சேர்ந்து 15 படுக்கையுள்ள மருத்துவமனை இருந்ததைச் சொல்கிறது. நம் கீழக்கரை வள்ளலைப் பற்றி ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று ஊரே சொல்கிறது.

ஆனால் கொடுப்பவர் மனம் வைத்தால்தான் சோறு. சத்திரத்துக்கு எழுதி வைத்த நிலத்தில் விளைச்சல் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. போன வருஷம் போட்டாயே, இந்த வருஷமும் போடு என்று யாரும் கேட்க முடியாது. அதோடு, பெரும்பாலும் யாத்திரிகருக்காகக் கட்டியவை அவை. கரைவலை இழுக்கிறவன் வயிறு யாருடைய கணக்கிலும் இல்லை.

என்னைக் கேட்டால், பழைய காலத்தின் உண்மையான சமூகச் செலவு கண்மாய்தான். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பேர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாய் ஒன்றே போதும், இந்த வறண்ட சீமையில் அதன் அருமை என்ன என்று காட்ட. ஊரார் சேர்ந்து அதைச் செப்பனிட்டுப் பராமரித்த குடிமராமத்தை இன்று ஊர் ஒற்றுமை என்று பாராட்டிப் பேசுகிறோம். அது கூலி இல்லாத கட்டாய உழைப்பாகவும் இருந்தது. 1858இல் சென்னை மாகாணத்தில் அதற்கென்றே கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று போட்டார்கள். அதாவது, அரசு செலவழிக்க வேண்டிய இடத்தில் குடிகளின் உடம்பு செலவானது.

தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித் தொட்டி வைத்தார்களாமே, அதுதான் தொடக்கமா?

இந்தியாவைப் பொறுத்தவரை, ஆம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று நிவாரணம் பற்றி நாம் போடும் சண்டைகள் எல்லாம் அப்போதே போடப்பட்டவை.

1876 முதல் 1878 வரை நீடித்தது அந்தப் பஞ்சம். ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்த பகுதிகளில் மட்டும் ஏறத்தாழ 55 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கு. அதற்கு மூன்று வருஷம் முன்னால் பீகாரில் ஒரு பஞ்சம் தலைகாட்டியபோது, ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி பர்மாவிலிருந்து அரிசி வாங்கித் தாராளமாகக் கொடுத்தார். பட்டினிச் சாவு கிட்டத்தட்ட இல்லை. அதற்கு அவருக்குப் பாராட்டு வரவில்லை, ‘இவ்வளவு செலவா?’ என்று திட்டு வந்தது. அதே டெம்பிளைத்தான் 1877இல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார்கள், செலவைக் குறைக்கச் சொல்லி. சூடுபட்ட மனிதர் அடியோடு மாறிப்போயிருந்தார். கல் உடைக்கும் ஆணுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம், ஓர் அணா காசு என்று கூலி நிர்ணயித்தார். ஒரு ராத்தல் என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் என்ற மருத்துவர், இந்த அளவில் கடும் உழைப்புச் செய்யும் உடம்பு தாங்காது என்று கணக்குக் காட்டிச் சண்டை போட்டார். சில மாதங்களில் கூலி உயர்ந்தது. அதற்குள் முகாம்களில் பலர் செத்திருந்தார்கள்.

இன்னொரு விதியும் இருந்தது. திடமாக இருப்பவர் வீட்டுப் பக்கத்தில் வேலை கேட்கக் கூடாது, தொலைவில் உள்ள வேலைத்தளத்துக்குத்தான் போக வேண்டும். உண்மையிலேயே பசித்தவன் மட்டும்தான் அவ்வளவு தூரம் நடப்பான் என்று நினைத்தார்கள். உண்மையிலேயே பசித்தவனால் நடக்க முடியாது என்பது அவர்கள் மூளைக்கு எட்டவில்லை. இன்று ஒரு சான்றிதழுக்காக நான்கு இடத்துக்கு அலைய வைக்கும்போது எனக்கு அந்த விதிதான் ஞாபகம் வரும்.

இத்தனை சாவுக்குப் பிறகு 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை கொடுத்தது. 1883இல் மாகாணப் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. மழை இத்தனை பொய்த்தால், விலை இவ்வளவு ஏறினால், வேலைத்தளம் திறக்க வேண்டும், கூலி இவ்வளவு, வேலை செய்ய முடியாதவருக்குச் சமைத்த உணவு என்று எழுத்தில் வைத்தார்கள். இதற்கெல்லாம் முன்பே, பஞ்சம் முடியும் தறுவாயில், வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் பஞ்ச நிதியாக ஒதுக்குவதாக அறிவித்திருந்தார்கள். அந்தப் பணம் ஆப்கான் போருக்குத் திருப்பப்பட்டது என்ற குற்றச்சாட்டும் உடனே எழுந்தது. நிதி ஒதுக்கீடும் நிதி திருப்பலும் ஒன்றாகவே பிறந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறையெல்லாம் இருக்கட்டும். ‘மனம் வந்தால் கொடுப்போம்’ என்பது மாறி, ‘இன்ன நிலைமை வந்தால் இன்னதைச் செய்தாக வேண்டும்’ என்று அரசு தன்னைத்தானே எழுத்தில் கட்டிக்கொண்டது இங்கேதான். 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தின் பாட்டன் இந்த விதித்தொகுப்பு.

வெளிநாட்டில் எல்லாம் ரொம்ப நாளாகவே கொடுக்கிறார்கள் இல்லையா?

அப்படித்தான் நினைக்கிறோம். இங்கிலாந்தில் 1601இலேயே ஏழைகள் சட்டம் உண்டு, அந்தந்தத் திருச்சபை வட்டாரம் வரி வசூலித்துத் தன் ஏழைகளைப் பார்க்க வேண்டும் என்று. ஆனால் 1834இல் அதை இறுக்கினார்கள். உதவி வேண்டுமா, உழைப்பு விடுதிக்குள் வா என்றார்கள். அங்கே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். வெளியே கிடைக்கும் மிக மோசமான வேலையைவிட உள்ளே மோசமாக இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. இதனால் அங்கே ஏழைகளுக்கான செலவு குறையவும் செய்தது. இந்த வரலாறு எப்போதும் மேல் நோக்கியே போனதில்லை.

இன்று நாம் பார்க்கும் வடிவம் ஜெர்மனியில் தொடங்கியது. பிஸ்மார்க் 1883இல் நோய்க் காப்பீடு, 1884இல் விபத்துக் காப்பீடு, 1889இல் முதியோர் ஓய்வூதியம் என்று வரிசையாகக் கொண்டு வந்தார். அவர் இரக்கத்தில் செய்யவில்லை. ஆலைத் தொழிலாளர் சோசலிசக் கட்சிப் பக்கம் சாய்வதைத் தடுக்கச் செய்தார். ஓய்வூதிய வயது 70. அந்த வயதை எட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். 1891இல் டென்மார்க், 1898இல் நியூசிலாந்து. பிரிட்டனில் 1909இல்தான் 70 வயதானவருக்கு வாரம் 5 ஷில்லிங். அமெரிக்கா 1935 வரை காத்திருந்தது.

நம் சென்னை மாகாணப் பஞ்ச விதித்தொகுப்பும் பிஸ்மார்க்கின் காப்பீடும் ஒரே வருஷம், 1883. அங்கே தொழிலாளி சந்தா கட்டி உறுப்பினர் ஆனான், இங்கே பசித்தவன் பட்டியலில் ஏறினான். அங்கே உறுப்பினர், இங்கே பயனாளி. அந்த வித்தியாசம் இன்றும் முழுசாகப் போகவில்லை.

நாட்டின் மொத்த வருமானத்தில் இது எத்தனை பங்கு?

ரூபாய்க் கணக்கைவிட இதுதான் சரியான கேள்வி. 1880இல், இன்று பணக்கார நாடுகள் என்று நாம் சொல்பவற்றில் பெரும்பாலானவை ஏழைகள், முதியோர், நோயாளிகள் எல்லோருக்கும் சேர்த்து வருமானத்தில் ஒரு சதவீதம்கூடச் செலவழிக்கவில்லை. 1930இல் முன்னணியில் இருந்த ஜெர்மனியே 5 சதவீதத்தை எட்டவில்லை, அமெரிக்கா ஒன்றுக்கும் கீழே. இன்று அந்த நாடுகளின் சராசரி 20 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. பிரான்ஸ் 30ஐத் தாண்டிவிட்டது. இந்தப் பாய்ச்சல் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நாற்பது, ஐம்பது வருஷத்தில் நடந்தது.

ஏன் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நாடு வளர வளர அரசின் செலவுப் பங்கும் வளரும் என்று வாக்னர் என்ற ஜெர்மானியர் 19ஆம் நூற்றாண்டிலேயே சொன்னார். போரில் வரி ஏறும், போர் முடிந்தாலும் வரி முழுசாக இறங்காது, அந்த இடத்தில் சமூகச் செலவு வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது இன்னொரு விளக்கம். ஜனங்களின் ஆயுசு கூடியது, கூட்டுக்குடும்பம் உடைந்தது, இதெல்லாம் உண்டு. நான் அதிக எடை கொடுப்பது ஓட்டுக்கு. சொத்து இல்லாதவனுக்கும் பெண்களுக்கும் ஓட்டு வந்த பிறகுதான் கணக்கு மாறியது. பணம் சேர்ந்த பிறகுதான் கொடுக்க முடியும் என்பதை நம் மாநிலமே பொய்யாக்கிவிட்டது. 1950களில் நாம் என்ன பணக்காரரா?

மதிய உணவை முதலில் கொண்டு வந்தது யார்? காமராசரா, எம்.ஜி.ஆரா?

இந்தக் கேள்விக்கு டீக்கடையில் பதில் சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தவர் கிடையாது. மூன்று பக்கமும் உண்மை இருக்கிறது.

1920இல் நீதிக்கட்சி ஆண்ட சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு. இன்னும் சில பள்ளிகளுக்குப் பரவியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்கக் கூடாது என்று ஆங்கில அரசு மறுத்ததால் 1925இல் நின்றது.

1950களின் நடுவில் காமராசர் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அதற்கு ஓடி உழைத்தார். முதலில் ஊர்க்காரர்களின் நன்கொடை, பிறகு அரசின் பங்கு பெரிதாகவும் ஊரின் பங்கு சிறிதாகவும் ஆனது. அறுபதுகளில் ‘கேர்’ அமைப்பின் பால்பவுடரும் எண்ணெயும் அமெரிக்காவிலிருந்து வந்தன. அந்தப் பால் வாசனையும் கோதுமை உப்புமாவும் என் வயசுக்காரர்கள் நாக்கில் இன்னும் இருக்கும்.

1982 ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். பால்வாடிக் குழந்தையிலிருந்து தொடக்கப்பள்ளி வரை என்று தொடங்கி, இரண்டு வருஷத்தில் 15 வயது வரை போனது. ‘கஜானா காலியாகிவிடும்’ என்று படித்தவர்கள் எல்லாம் சொன்னார்கள், என் கல்லூரிப் பேராசிரியர் உட்பட. 1989இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2001இல் நாடு முழுக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, இங்கே அடுப்பு பல வருஷமாக எரிந்துகொண்டிருந்தது. 2022இல் மதுரையில் காலைச் சிற்றுண்டி தொடங்கியது, அடுத்த வருஷம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது.

நம் கரைக்குக் காலைச் சாப்பாடு தனி விஷயம். விடியற்காலையில் கரைக்கு வரும் படகுக்காக அம்மா ஏலக்கூடத்தில் நிற்கிறாள், அப்பா கடலில். பிள்ளை வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போகும். வகுப்பில் மயங்கி விழுந்த பிள்ளைகளுக்கு நானே பன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மதியச் சோறு அந்த முதல் இரண்டு பாடவேளைக்கு உதவாது.

முதியோர் பணம் எப்போதிலிருந்து?

சென்னை மாநிலத்தில் 1962 ஏப்ரல் 1இல், மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. என் அப்பத்தாவுக்கு அது மணியார்டராக வந்தது எனக்கு நினைவிருக்கிறது. தபால்காரர் வரும் நாளில் காலையிலேயே குளித்து வெற்றிலை மடித்து வாசலில் உட்கார்ந்திருக்கும். ‘சர்க்கார் மகன் அனுப்பினான்’ என்று சொல்லிவிட்டு என் அப்பாவை ஒரு பார்வை பார்க்கும்.

மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15இல்தான் நாடு முழுக்கத் திட்டம் தொடங்கியது, அதன் பங்கு மாதம் 75 ரூபாய். 2006இல் 200 ஆனது. 2011இல் தகுதி வயது 65இலிருந்து 60க்கு இறங்கியது, 80 தாண்டியவருக்கு 500 ஆனது. ஆனால் 60 முதல் 79 வரையிலானவருக்கு மத்திய அரசின் பங்கு அந்த 200லேயே நிற்கிறது. 2006இல் பிறந்த பிள்ளை வளர்ந்து ஓட்டுப் போடுகிறது, 200 ரூபாய் வளரவில்லை. தமிழ்நாட்டில் 2011இல் 1,000 ஆக்கினார்கள், 2023இல் 1,200. மாநிலம் தன் கையிலிருந்து போட்டு நிரப்புகிறது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு திட்டத்தை ஒழிக்க அதை ரத்து செய்ய வேண்டியதில்லை. தொகையை அப்படியே விட்டுவிட்டால் போதும், விலைவாசி தின்றுவிடும். 200 ரூபாயில் இன்று சமையல் எரிவாயு உருளையில் கால் பங்கு வரும்.

ரேஷன்?

போர்க்காலத்தில், 1940களில் வந்த பங்கீடு அது. 1952இல் ராஜாஜி கட்டுப்பாட்டை எடுத்தார். அறுபதுகளில் பஞ்சம் திரும்பியது. 1967இல் ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று அண்ணா ஆட்சியைப் பிடித்தார். 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. 1997இல் மத்திய அரசு, வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று அட்டையைப் பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்காமல் எல்லோருக்கும் என்று நின்றது. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம், அரசு மொழியில் ‘விலையில்லா’.

பிரிக்காமல் விட்டதுதான் புத்திசாலித்தனம் என்பேன். வசதியானவர் வீட்டு அட்டையும் அதே கடையில் இருந்தால்தான் புழுத்த அரிசி வரும்போது சத்தம் கேட்கும்.

தடைக்கால நிவாரணம் உதவியா, இழப்பீடா?

இதைத்தான் நம் ஆட்கள் அடிக்கடி கேட்க வேண்டும், ஆனால் அவ்வளவாகக் கேட்பதில்லை. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடை 2001இல் 45 நாளாகத் தொடங்கியது. 2017இலிருந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் விசைப்படகு போகக் கூடாது. கடல் எல்லோருக்கும் பொதுச்சொத்து, அதைக் காப்பாற்ற ஒரு கூட்டத்தாரை மட்டும் தொழிலை நிறுத்தச் சொல்கிறோம். ஆகவே என் கணக்கில் அது இழப்பீடு. அரசு ஏட்டில் நிவாரணம் என்று இருக்கிறது. பஞ்சம், புயல், வெள்ளத்துக்கான சொல் அது. யாரும் வரவழைக்காத ஆபத்துக்குத்தான் நிவாரணம். தடை உத்தரவோ மேசையில் உட்கார்ந்து போட்டது.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தொகையைப் பாருங்கள். குடும்பத்துக்கு 5,000 ரூபாய் என்று இருந்தது. 61 நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 82 ரூபாய். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் அதை 8,000 ஆக்குவதாக அறிவித்தார். அது நாளைக்கு 131. 2024–25இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி 319. இழப்பீடு என்று பெயர் இருந்திருந்தால், இழந்தது எவ்வளவு என்று முதலில் கேட்டிருப்பார்கள்.

சேமிப்பு நிவாரணத்தையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். 4,500 ரூபாய் வருகிறதே, அதில் 1,500 நீங்களே கட்டியது. மாநிலம் 1,500, மத்திய அரசு 1,500. பிஸ்மார்க் முறைக்கு நம் கரையில் உள்ள ஒரே உறவுக்காரன் அதுதான்.

விட்டுப்போனவர்களும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவுக்குள் வந்தன. தீவைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் அன்றிலிருந்து விரட்டப்படுகிறார்கள். படகு இல்லை, பதிவு எண் இல்லை, அதனால் இழந்ததற்குச் சாட்சியும் இல்லை. மாற்றுத் தொழில் என்று பாசி வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்தார்கள், சிலருக்குக் கைகொடுத்தது.

மண்டபம் முகாமும் இந்தக் கணக்கில் வருமா?

வரும். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளை அனுப்புமுன் நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்த இடம் அது. செலவு அந்தப் பக்கத்து அரசினுடையது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது, 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று. கூலியாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அதே முகாமில் வந்து இறங்கினார்கள். அந்த வருஷம் டிசம்பரில்தான் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1983க்குப் பிறகு அகதிகள் வந்தார்கள். பணக்கொடை, அரிசி, குடியிருப்பு என்று செலவு தொடர்கிறது. 2021இல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள்.

பணம் கொடுத்துவிட்டால் அரசின் கடமை முடிந்ததா?

ஏர்வாடியை நினைத்துக்கொள்ளுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் வெந்து இறந்தார்கள். தர்கா நம்பிக்கையில் குடும்பங்கள் கொண்டுவந்து விட்டுப்போனவர்கள். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது. காப்பகங்கள் மூடப்பட்டு நூற்றுக்கணக்கானோர் அரசுப் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள். மாவட்ட மனநலத் திட்டம், தர்காவுக்கு அருகிலேயே மருந்து என்றெல்லாம் பிறகு வந்தது. அந்தக் குடும்பங்களுக்கு மாதம் ஆயிரம் கொடுத்திருந்தால் சங்கிலி அவிழ்ந்திருக்காது. அங்கே தேவைப்பட்டது மருத்துவரும் செவிலியரும். சேவை கொடுப்பது பணம் கொடுப்பதைவிடக் கஷ்டம், ஓட்டும் குறைவு.

இந்தியா முழுக்க மத்திய, மாநில அரசுகளின் மருத்துவச் செலவு 2013–14இல் வருமானத்தில் 1.15 சதவீதம், 2021–22இல் 1.84. கல்விக்கு 6 சதவீதம் வேண்டும் என்று கோத்தாரி ஆணையம் 1966இல் சொன்னது. இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

இலவசம் கொடுத்துக் கொடுத்து வேலைக்கு ஆள் வருவதில்லையே?

படகு உரிமையாளர்கள் கேட்கும் கேள்வி. டெம்பிளும் இதையேதான் சொன்னார், கூலியைக் கூட்டினால் ஜனங்கள் முகாமைவிட்டுப் போக மாட்டார்கள் என்று. ஆள் வராததற்குக் காரணம் அரிசி இல்லை. பையன்கள் வளைகுடா நாடுகளுக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டால் சிறை, படகும் போகும். இதற்கு அஞ்சிக் கடலைவிட்டவர்கள் நிறைய. இலவச அரிசி இருப்பதால் ஒருவர் மோசமான கூலிக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிகிறது என்றால், அது உண்மைதான். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

இதற்கெல்லாம் யார் வீட்டுப் பணம்?

உங்கள் வீட்டுப் பணம். ஒரு பழைய கதை சொல்கிறேன். 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள், சாராய வருமானம் போனதை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி போட்டார், இந்தியாவிலேயே முதலாவது. 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள், 2003இல் சில்லறை விற்பனையையே அரசு எடுத்துக்கொண்டது. ஆனால் விற்பனை வரி போகவில்லை. ஆக இரண்டு வருமானமும் சேர்ந்தது. சோப்பு வாங்கினாலும் குவாட்டர் வாங்கினாலும் நீங்கள் சத்துணவுக்குப் பணம் கட்டுகிறீர்கள். வருமான வரி கட்டுகிறவர் மட்டும் ‘என் வரிப்பணம்’ என்று பேசுவது எனக்கு எரிச்சல்.

‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தால் உரிமை ஆகிவிடுமா?

2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 வருகிறது. தர்மம், நிவாரணம், உதவி, இலவசம், விலையில்லா என்று வந்த வரிசையில் ‘உரிமை’ என்ற சொல் பெரிய மாற்றம். வீட்டு வேலைக்குக் கணக்கு உண்டு என்று அரசு ஒப்புக்கொண்ட மாதிரி.

ஆனால் சட்டம் போட்டுக் கொடுத்தால்தான் உரிமை, அரசாணை போட்டுக் கொடுத்தால் திட்டம். 2005இன் நூறு நாள் வேலை சட்டமாக வந்தது, வேலை தராவிட்டால் வேலையின்மைப் படி கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. 2013இன் உணவுப் பாதுகாப்பும் சட்டம். மகளிர் தொகையும் தடைக்கால நிவாரணமும் அரசாணை. அடுத்த அரசு ஒரு கையெழுத்தில் மாற்றலாம். ஓட்டு பயத்தால் மாற்றாது, அது வேறு விஷயம்.

எங்க ஆத்தாவுக்குக் கைரேகை விழமாட்டேங்குது, அரிசி இல்லைங்கிறாங்க. என்ன செய்ய?

ஐஸ், உப்பு, வலைக்கயிறு, பாறையில் பாசி பிடுங்குவது என்று நாற்பது வருஷம் உழைத்த விரலில் ரேகை தேய்ந்துதான் இருக்கும். கைரேகை விழவில்லை என்பதற்காக அரிசி மறுக்கக் கூடாது என்று 2017இலேயே மத்திய அரசு உத்தரவிட்டிருக்கிறது. கடைக்காரரிடம் அதைச் சொல்லுங்கள். கருவிழிக் கருவி இருக்கும் கடை என்றால் கண்ணைக் காட்டலாம். மறுத்தால் தாலுகா அலுவலகத்தில் வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம், நகலில் முத்திரை வாங்குங்கள்.

அதற்கு முன் பத்து விரலையும் கழுவித் துடைத்து ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். போன மாதம் ஒரு பாசிக்காரம்மாவோடு நான் போயிருந்தேன். ஒன்பது விரல் விழவில்லை. இடது சுண்டுவிரலில் பச்சை விளக்கு எரிந்தது. “இந்த ஒண்ணு மட்டும் இத்தனை வருசமா வேலை செய்யாம ஏமாத்தியிருக்கு பாருங்க சார்” என்று சிரித்துக்கொண்டே பையை நீட்டினார்.